முகத்தில் அடிபட்ட காயம் ஆறிய பிறகும் வலி நீடிப்பது ஏன்? இது மனப்பிரமையா?

விபத்தில் கன்னத்தில் அடிபட்ட உங்கள் தாயாருக்கு ஏழு மாதமாகியும் எரிச்சல் தீரவில்லை என்றும், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றும், இது மனப்பிரமையாக இருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மனப்பிரமை என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அதே சொல்லை என் முகத்துக்கு நேராக மூன்று பேர் சொன்னதுண்டு. அவர்களில் ஒருவர் என் சொந்த அண்ணன்.

நான் மருத்துவன் அல்லன். தோவாளைக்காரன், கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இணையத்தில் படித்துவிட்டு வைத்தியம் சொல்ல வந்துவிட்டார் என்று யாரேனும் கீழே எழுதுவார்கள் என்பதும் தெரியும். நான் வைத்தியம் சொல்லவில்லை. பட்டதையும், எனக்கு வைத்தியம் பார்த்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு மழையில் பைக் சறுக்கி, சாலையோரச் சிமென்ட் கட்டையில் இடது கன்னம் மோதிக் கன்ன எலும்பு உடைந்தது. சிறு தகடு வைத்துச் சேர்த்தார்கள். மூன்று வாரத்தில் தையல் போட்ட அடையாளமே மங்கிவிட்டது. கண்ணின் கீழிமை, மூக்கின் ஓரம், மேலுதடு, மேல் வரிசைப் பற்கள் ஆகியவை மட்டும் பல் பிடுங்க ஊசி போட்டாற்போல் மரத்துக் கிடந்தன. இரண்டாம் மாதத்தில் அந்த மரத்த இடத்திலேயே எரிச்சல் தொடங்கியது. பச்சை மிளகாய் நறுக்கிய கையால் தடவியது போன்ற எரிச்சல். இடையிடையே சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு. குளித்துவிட்டுத் துவர்த்தால், அதாவது துண்டால், முகம் துடைக்க முடியாது. ஆனி, ஆடி மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பேருந்து ஜன்னல் வழியாகக் கன்னத்தில் பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். மரத்துப்போன இடம் எப்படி வலிக்கும் என்று அண்ணன் கேட்டதில் தவறில்லை. எனக்கே அது புரியவில்லை.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மேல்பல்லில்தான் கோளாறு என்று ஒரு பல் மருத்துவர் நல்ல பற்கள் இரண்டைப் பிடுங்கினார். வலி குறையவில்லை, நரம்புக்கு இன்னொரு காயம் சேர்ந்ததுதான் மிச்சம். மாறாக, நான் எண்ணெய் தடவிக்கொள்ளப் போன வர்ம ஆசான், விரல் பட்டதும் நான் துள்ளியதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு, இது தம் கை பட வேண்டிய இடமில்லை, நரம்பு பார்க்கிறவரிடம் போங்கள் என்றார். காசும் வாங்கவில்லை.

பிறகுதான் திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் ஸ்கேனை எடுத்துப் பார்க்குமுன் சிறு பஞ்சுத் துண்டால் கன்னத்தை மெல்லத் தொட்டார். பிறகு குண்டூசி முனையால் தொட்டார். எங்கே உணர்வு மாறுகிறதோ அங்கெல்லாம் பேனாவால் புள்ளி வைத்துக் கடைசியில் கோடாக இணைத்தார். எலும்பு முறிந்த இடத்தின் வழியாக வெளியே வரும், கண்ணுக்குக் கீழுள்ள நரம்புக் கிளை எந்த இடத்துக்கு உணர்வு தருகிறதோ, அந்த இடத்தோடு கோடு பொருந்தி நின்றது. பொய் சொல்கிறவனுக்கு இந்த எல்லை தெரிந்திருக்காது என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இது. நாம் பொதுவாக முகநரம்பு என்று சொல்லும் ஏழாவது நரம்பின் முக்கிய வேலை தசைகளை அசைப்பது. காதையும் தாடையின் கோணத்தையும் ஒட்டிய சிறிதளவு உணர்வைத் தவிர, முகத்தின் தொடுவுணர்வு முழுவதும் மூன்று கிளைகளாகப் பிரியும் ஐந்தாவது நரம்பின் பொறுப்பு. உங்கள் தாயாருக்கு வாய் கோணியிருந்தாலோ, கண் மூட முடியாவிட்டாலோ ஏழாவதும் அடிபட்டிருக்கலாம். எரிச்சல் மட்டுமென்றால் பெரும்பாலும் ஐந்தாவதுதான். அறுபட்ட நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளர முயலும். வழி அடைபட்டிருந்தால் அங்கேயே சுருண்டு முடிச்சாகிவிடும். எங்கள் பக்கத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்: கத்தி ஆழமாக இறங்கிப் பட்டைக்கு உள்ளேயுள்ள கட்டையில் பட்டுவிட்டால், பிறகு வளரும் பட்டை முண்டு முண்டாகத்தான் வரும். காயம்பட்ட இழைகளில் சோடியம் அயனிகள் என்ற மின்னூட்டத் துகள்கள் நுழையும் வாயில்கள் அளவுக்கு மீறிக் குவிவதால், யாரும் தொடாமலே அவை தாமாகச் சமிக்ஞை அனுப்பத் தொடங்கும். அந்தச் சமிக்ஞை ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், அதை வாங்கும் மூளைத்தண்டிலுள்ள உயிரணுக்களும் கூர்மையேறிப்போய், பஞ்சு தொட்டதையும் காற்று பட்டதையும் வலியென்றே படிக்கத் தொடங்கிவிடும். இவை எதுவும் சாதாரண ஸ்கேனில் தெரிவதில்லை. வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட வலி என்றே மருத்துவத்தில் வகைப்படுத்துகிறார்கள்.

சாதாரண வலி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. எனக்கு இரவில் அமிட்ரிப்டிலின் சிறு அளவில் தொடங்கி, பிறகு பிரிகாபலின் சேர்த்தார்கள். முதலில் வாய் உலர்ந்தது, காலையில் தலை கிறுகிறுத்தது, ஆறு வாரத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். இவற்றை மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கவோ, திடீரென்று நிறுத்தவோ கூடாது. நரம்பை மீண்டும் வெட்டினால் சரியாகும் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். காயத்தால் வந்த வலி அதனால் கூடவும் வாய்ப்புண்டு.

அடுத்த முறை போகும்போது, பஞ்சு வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவின் கன்னத்தை யாரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். அன்று நான் முகத்தைக் கழுவாமல், அந்தப் பேனாக் கோட்டோடு பேருந்து ஏறி ஊர் வந்து, வீட்டுக்குப் போகுமுன் அண்ணன் வீட்டுப் படியேறித்தான் காட்டினேன்.