அப்பா கிழங்கு சாப்பிடுவதில்லை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் பழைய சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தவறாமல் வாசிக்கிறேன். அப்பாவுக்குச் சொந்த ஊர் விளவங்கோடு தாலுகாவில், மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அம்பத்தூர். ஊர் என்பது எனக்குப் பள்ளி விடுமுறை மட்டும்தான்.

போன மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். நாகர்கோவிலில் ஒரு ஓட்டலில் மரச்சீனிக் கிழங்கும் (சென்னையில் மரவள்ளி என்பது) மீன்கறியும் வாங்கினோம். பிள்ளைகள் கூட விரும்பிச் சாப்பிட்டார்கள். அப்பா தொடவே இல்லை. “எனக்கு ரெண்டு தோசை சொல்லு” என்றார். வீட்டிலும் அப்படித்தான். அம்மா கிழங்கு அவித்தால் அவருக்குத் தனியாகச் சோறு வேண்டும். மீன்கறியை அதில் ஊற்றிச் சாப்பிடுவார். ஏன் என்று கேட்டால், “தின்னது போதும்” என்பதோடு சரி. அவருக்கு இப்போது 74 வயது.

நீங்கள் கிழங்கைப் பற்றி எழுதினால் எங்களுக்கு நாவூறுகிறது. அந்தக் காலத்துச் சாப்பாடுதான் ஆரோக்கியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த மனிதருக்கு ஏன் அந்த ஏக்கம் இல்லை?

இன்னொரு சின்னக் கேள்வி. கோயம்பேட்டில் வாங்குகிற கிழங்கு சில நேரம் எவ்வளவு அவித்தாலும் வேகமாட்டேன் என்கிறது. எப்படிப் பார்த்து வாங்க வேண்டும்?

எஸ்.,
அம்பத்தூர்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பா இரண்டே சொல்லில் பதில் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் உரைதான். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

நான் தோவாளைத் தாலுகாக்காரன், பூதப்பாண்டிப் பக்கம். வீட்டு வாசலில் நின்றால் வயல். 1906-ல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்த பிறகு கோதையாற்றுத் தண்ணீர் வந்து பாய்ந்த மண். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல். நாங்கள் பெரிய பண்ணையார் ஒன்றும் இல்லை. ஆனால் பத்தாயத்தில், அதாவது நெல் சேர்த்து வைக்கிற பெட்டியில், நெல் இருக்கும். அது தீர்ந்துபோனால் கடன் கொடுக்க இன்னொரு வீட்டுப் பத்தாயம் இருக்கும். கிழங்கு எங்களுக்குச் சாயங்காலப் பலகாரம். மழை பிடித்த நாளில் சந்தையிலிருந்து வாங்கி வந்து, அவித்து, தேங்காய்த் துருவல் போட்டுக் கருப்பட்டிக் காப்பியோடு தின்பது. அதை நினைத்து நான் நாவூறாமல் என்ன செய்வேன்?

உங்கள் அப்பாவின் ஊர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். சாப்பாட்டில் அது வேறு நாடு. வெளியூர்க்காரர்கள் ‘குமரி மாவட்டச் சாப்பாடு’ என்று ஒரே கட்டாகக் கட்டி எழுதும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். கிழக்கே தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாடு. திருவிதாங்கூர் ராஜ்யத்தின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. மேற்கே கல்குளமும் விளவங்கோடும் மேடும் பள்ளமுமான செம்மண். தென்னை, பனை, பலா, மிளகு, அப்புறம் ரப்பர். தெற்கே முழுக்கக் கடல். இந்த நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ம் தேதி ஒன்றாகத்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அடுப்புகள் ஒன்றாகச் சேரவில்லை.

மேற்கே கிழங்கு வேரூன்றியதற்கு ஒரு ராஜாவைச் சொல்வார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள். பஞ்சம் தாங்குகிற பயிர் என்று மரச்சீனியைப் பரப்பியவர் அவர். ‘விஷக்கிழங்கு’ என்று சனங்கள் பயந்தார்களாம். அரண்மனையிலேயே அவித்துத் தான் முதலில் தின்று காட்டினார் என்று ஒரு கதை உண்டு. பயத்திலும் நியாயம் உண்டு. கசப்புக் கிழங்கை முறையாக அவித்து வடிக்காமல் தின்றால் ஆளைக் கிறங்க அடிக்கும். இலையைக் கடித்த ஆடு செத்துப்போனதை மேற்கே பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்.

ஆனால் ராஜா சொன்னதை விட பர்மா யுத்தம்தான் கிழங்கை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. திருவிதாங்கூர் தன் அரிசியைத் தானே விளைவித்துச் சாப்பிட்ட நாடு அல்ல. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்ததைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றுபோனது. அந்தச் சமயத்தில் மேற்கே ஆட்களை உயிரோடு வைத்தது கிழங்குதான். யுத்தம் முடிந்த பிறகும் அது போகவில்லை. உங்கள் அப்பா பிறந்தது 1950-களின் தொடக்கமாக இருக்கும். பர்மா அரிசியை அவர் பார்த்திருக்க மாட்டார். கிழங்கைப் பார்க்காத நாள் இருந்திருக்காது.

ஏழைக்கு இந்தக் கிழங்கு ஏன் தோதுப்பட்டது என்றால், அதற்குப் பத்தாயம் வேண்டாம். கம்பை வெட்டி, மண்ணைக் கூட்டி நட்டால் எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கு. அவசரம் இல்லை, மண்ணுக்குள்ளேயே கிடக்கும். இன்றைக்குத் தேவையா, ஒரு மூடு, அதாவது ஒரு செடி, பிடுங்கு. நாளைக்கு இன்னொரு மூடு. பிடுங்கி இரண்டு மூன்று நாள் வைத்தால் உள்ளே கருநீலக் கோடு ஓடிவிடும். அதனால் சேர்த்து வைக்க வழி இல்லை, தினமும் பிடுங்கித் தினமும் தின்ன வேண்டியதுதான். மிஞ்சியதை அரைவேக்காடாக அவித்து வெயிலில் காயப்போட்டு வாட்டுக்கிழங்கு ஆக்குவார்கள். அது ஆடி மாதத்துக்கு. மேற்கே அந்த மாதத்தைக் கர்க்கடகம் என்பார்கள், பஞ்சக் கர்க்கடகம். மழை விடாது, கூலி வேலை கிடையாது, கடல் பொங்கிக் கிடப்பதால் மீனும் கிடையாது.

1970-களின் கடைசியில் என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் கருங்கல் பக்கம். அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களை ஓரமாக அவனுடைய அம்மை கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல். பிறகு கத்தி முனையைத் தோலுக்கடியில் கொடுத்து ஒரு திருகு. பழுப்புத் தோலும் அதற்குள்ளே இருக்கிற ரோஸ் தோலும் ஒன்றாகச் சுருண்டு கழன்று வரும், உள்ளே வெள்ளை வெளேரென்று கிழங்கு. துண்டு போட்டு, பானை நிறையத் தண்ணீரில் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, உப்புப் போட்டு மறுபடி கொஞ்சம் வேகவைத்தார். அம்மியில் தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், பூண்டு, மஞ்சள். அரைத்ததை மேலே போட்டு, அகப்பைக் காம்பால் நாலு இடி. ஆவியோடு எழும்பிய அந்த மணத்துக்கு நான் சட்டியையே தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

ஆனால் எனக்கு வைத்தது சோறு. பெரிய வாழையிலையில் சம்பா அரிசிச் சோறு, அயிலைக் கறி, பப்படம். அவர்கள் எல்லோருக்கும் கிழங்கு. எனக்கும் கிழங்கு வேண்டும் என்றேன். அம்மை சிரித்துவிட்டு, “அது நாங்க திங்கியதுல்லா மக்கா, ஒனக்குச் சோறு வச்சிருக்கேன்” என்றார். நான் விடவில்லை. கடைசியில் இலையின் ஓரமாக ஒரு கரண்டி கிழங்கு வந்தது, ஊறுகாய் வைப்பது போல. நண்பனின் தம்பிக்கு ஏழெட்டு வயது இருக்கும். அவன் என் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் இரண்டு நாழி அரிசி கைமாற்று வாங்கித்தான் அன்றைக்கு உலை வைத்தார்கள் என்று நண்பன் வெகுநாள் கழித்துச் சொன்னான். அந்தத் தம்பிக்கும் உங்கள் அப்பாவுக்கும் சுமார் இருபது வயதுதான் வித்தியாசம்.

ஆக, கிழங்கு நான் விரும்பித் தின்றது. அவர்களுக்கு அது வேறு வழி இல்லாமல் தின்றது. ருசி ஒன்றேதான். எனக்குப் பக்கத்துப் பானையில் சோறு இருந்தது. உங்கள் அப்பாவுக்கு ஏக்கம் இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஏன் இல்லை? சோற்றின் மேல் இருந்த ஏக்கம்தான் 74 வயதிலும் அவரைத் தனியாக உலை வைக்கச் சொல்கிறது.

ராத்திரிக் கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கே பல வீடுகளில் அரிசி கண்ணில் படுவது ராத்திரியில்தான், அதுவும் கஞ்சியாக. ஒரு கை அரிசியில் ஒரு பானைத் தண்ணீர். பிலாவிலையை, அதாவது பலா இலையைக் கோட்டி, ஈர்க்கில் ஒரு குத்துக் குத்தினால் கரண்டி தயார். தொட்டுக்கொள்ளச் சிறுபயறு இருந்தால் விசேஷம். இல்லாவிட்டால் காந்தாரி மிளகும் (சின்னக் காரமிளகாய்) சின்ன வெங்காயமான உள்ளியும் உப்பும் சேர்த்து நசுக்கி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டது. அந்தக் காரத்துக்கு எவ்வளவு தண்ணீர்க் கஞ்சியும் உள்ளே இறங்கும். இன்றைக்குப் பிலாவிலையில் கஞ்சி கொடுக்கிற ஓட்டல்கள் வந்துவிட்டன. போகிறவர்கள் போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும், இலை அழகுதானே.

ஆரோக்கியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிழங்கில் இருப்பது மாவுச்சத்து. புரதம் பேருக்குத்தான். கூடவே சாளை மீன் இருந்ததால் தப்பித்தார்கள். சாளை அப்போது அவ்வளவு மலிவு. மிதமிஞ்சிப் பட்டால் தென்னைக்கு உரமாகப் போடுவார்கள். குளச்சல், முட்டம், கடியபட்டணத்திலிருந்து மீன்காரப் பெண்கள் தலையில் பெட்டியோடு நடந்தே உள்நாட்டுக்கு வருவார்கள். காசு இல்லாத வீட்டில் மீனைக் கொடுத்துக் கிழங்கோ தேங்காயோ வாங்கிப் போவதும் உண்டு. கிழங்கும் மீனும் ஜோடி சேர்ந்தது அப்படித்தான். ருசி பார்த்துச் சேர்த்ததல்ல. மீன் எட்டாத மலையடிவாரத்து வீடுகளில் வெறும் கிழங்கும் காந்தாரியும்தான். ‘அந்தக் காலத்தில் சர்க்கரை வியாதி உண்டா?’ என்று கேட்கிறவர்கள், எத்தனை பிள்ளை பெற்று எத்தனை தங்கியது என்பதையும் அதே பாட்டியிடம் கேட்க வேண்டும்.

பிறகு எல்லாம் மாறிப்போனது. மேற்கிலிருந்து ஆட்கள் வளைகுடாவுக்குப் போனார்கள், பணம் வந்தது. கிழங்கு நின்ற சரிவுகளில் ரப்பர் ஏறியது. ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011-ல் இலவசமாகவே ஆனது. சோறு கேட்ட வீடுகளில் இப்போது மூன்று வேளையும் சோறு வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். அதன் பிறகுதான் கிழங்கு ஓட்டலுக்குள் வந்தது, மேலே கடுகு தாளித்து, மல்லித்தழை தூவி. (மரச்சீனிக்கு எதற்கு மல்லித்தழை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.) ஒரு தட்டு விலையைக் கேட்டால் உங்கள் அப்பாவுக்கு நெஞ்சு வலியே வரும். அவர் தோசை சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவரிடம் பழங்கதை கேட்க ஆசை என்றால் கிழங்கிலிருந்து தொடங்காதீர்கள். சக்கையை, அதாவது பலாப்பழத்தைக் கேளுங்கள். வருக்கையா கூழனா, எந்த மரம், யார் வீட்டு மரம் என்று தொடங்கினால் நிறுத்த மாட்டார். பனை ஏறுகிறவர் இறங்கி வந்ததும் ஓலைப் பட்டையில் ஊற்றித் தருகிற அக்கானியை, அதாவது பதநீரைக் கேளுங்கள். கொல்லாம்பழத்தை (முந்திரிப்பழம்) தின்றுவிட்டு அண்டியை, அதாவது அதன் கொட்டையைக் கடையில் கொடுத்துக் காசாக்கியதை, அந்தக் காசுக்கு என்ன வாங்கினார் என்பதைக் கேளுங்கள். கல்யாண வீட்டு அடியந்திர விருந்தில் பிரதமன் பாயசத்தில் மட்டிப் பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைந்ததைக் கேளுங்கள். முந்திரிக்கொத்து சுட்ட நாளைக் கேளுங்கள். அதில் முந்திரி கிடையாது, சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான், இருந்தும் ஒரு உருண்டைக்கு அண்ணன் தம்பிக்குள் அடிதடி நடந்திருக்கும். இதெல்லாம் எப்போதாவது கிடைத்தவை. அதனால் பேசுவார்.

இனி கோயம்பேட்டுக் கிழங்கு. தமிழ்நாட்டில் சேலம், ஆத்தூர்ப் பக்கம் விளைகிறதில் பெரும்பகுதி ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் போகிறது. அவித்துத் தின்ன ஏற்ற வகை வேறு. கடைக்காரரிடம் ‘அவிக்கிற கிழங்குதானா’ என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். படக்கென்று உடைந்து, உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டும். நீலக் கோடோ நடுவில் தடித்த நாரோ இருந்தால் வேண்டாம். வாங்கிய அன்றைக்கே அவித்துவிடுங்கள். மூடியைத் திறந்து வைத்து, நிறையத் தண்ணீரில் அவித்து, வெந்த தண்ணீரை ஒட்ட வடித்துக் கொட்டிய பிறகு உப்புப் போடுங்கள். குக்கர் வேண்டாம்.

கறிக்குச் சாளை கிடைத்தால் நல்லது. சென்னையில் மத்தி என்று கேட்டால் கொடுப்பார்கள். கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள், அப்பா சோற்றுக்கும் ஊற்றிக்கொள்வார்.