கட்டைவிரல் வலிக்கு கேன்சர் மாத்திரைதான் காரணமா?

கேள்வி: டாக்டர், வயசு 56. வலது மார்புல கேன்சர், ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப லெட்ரோசோல் போடுறேன். கொஞ்ச மாசமா வலது கட்டைவிரல் அடியிலருந்து மணிக்கட்டு வரைக்கும் சுளீர்னு இழுக்குது, துணி பிழிய முடியல, குக்கர் மூடி திறக்க முடியல. மாத்திரையை நிறுத்திடலாமா? - வாசகி, திருச்சி

பதில்: நீங்களா நிறுத்திடாதீங்கம்மா, கேன்சர் திரும்ப வராம இருக்கத்தான் அந்த மாத்திரையே. அது ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனை ரொம்ப குறைச்சிடும், அதனால நிறைய பேருக்கு மூட்டு வலி, தசைநாண் (தசையை எலும்போட சேர்க்கிற நார்) வீக்கம் வருது, காலைல விரல் விறைச்சுக்கிட்டு நிக்கும். உங்களுக்கு டி குவெர்வெய்ன்னு சொல்ற பிரச்சினையா இருக்கலாம், கட்டைவிரலுக்குப் போற ரெண்டு தசைநாண் மணிக்கட்டு ஓரமா ஒரு குறுகலான உறைக்குள்ள போகுது, அந்த உறை தடிச்சுட்டா விரலை அசைக்கும்போதெல்லாம் உரசி வலிக்கும்.

கட்டைவிரலையும் சேர்த்து அசையாம பிடிக்கிற ஸ்ப்ளின்ட் (தாங்கு பட்டை) கேட்டு வாங்குங்க, வெறும் மணிக்கட்டு பேண்ட் பத்தாது. பிழியுற வேலையை கொஞ்ச நாள் வீட்ல வேற யாராவது பார்க்கட்டும் (மொபைல்ல கட்டைவிரலாலேயே டைப் பண்றதும் வேண்டாம்). வலி குறையலன்னா ஸ்டீராய்டு ஊசி நல்லா கேட்கும், ஆனா கேன்சர் ஆபரேஷன்ல அக்குள்ல நெறிக்கட்டியும் எடுத்திருந்தா, இது அதே பக்க கைங்கிறதால ஊசி போடுறவர்கிட்ட அதை முதல்லயே சொல்லிடுங்க. கேன்சர் டாக்டர்கிட்டயும் பேசுங்க, வேற மாத்திரைக்கு மாத்திப் பார்க்க வழி இருக்கு. கை முழுசா வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் அடிச்சாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.