கலப்பைக் கிழங்கா, காட்டு வள்ளியா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காட்டு இலை, கிழங்கு, பழம் பற்றியவை. மாரி ஓய்ந்து பற்றைகள் தளதளவென்று நிற்கும்போது இப்படி வருவது வழக்கம்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

யூடியூப்பில் பார்த்து எங்கள் வளவுக்குப் பின்னால் உள்ள பற்றையில் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டினோம். அவித்துச் சாப்பிடலாமா? (வாழைச்சேனை)

படம் எதுவும் அனுப்பாமல் "சாப்பிடலாமா" என்று கேட்டால் என் பதில்: வேண்டாம்.

கோபிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன். நம் பக்கத்துப் பற்றைகளில் காட்டு வள்ளிக்கொடி படரும் அதே இடத்தில் கார்த்திகைப்பூக் கொடியும் படரும். பூ இருந்தால் பிள்ளைக்கும் தெரியும். பூ உதிர்ந்து கொடி காய்ந்த பிறகு மண்ணுக்குள் இருப்பது எது என்று தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். கார்த்திகைக் கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். "வயிறு சரியில்லை" என்று சோடா குடித்துப் படுத்துவிடுவார்கள். உயிர் போவது அந்தத் தாமதத்தால்தான்.

பச்சையாக இருக்கும்போது இலையின் நுனியைப் பாருங்கள். கார்த்திகைப்பூவின் இலை நுனி சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நரம்புகள் நேர்கோடாக ஓடும். வள்ளி இலைக்கு அப்படிச் சுருளும் நுனி கிடையாது. கொடியே குச்சியைச் சுற்றி ஏறும், இலை நரம்புகளுக்கு இடையில் வலைப்பின்னல் தெரியும். கிழங்கைக் கையில் எடுத்தால், கார்த்திகைக் கிழங்கு இரண்டாக மடிந்து கலப்பை மாதிரி இருக்கும். அதற்குக் கலப்பைக் கிழங்கு என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

வாகரைப் பக்கத்துப் பூர்வகுடி வேடர் குடும்பங்களோடு கிழங்குக்குப் போனபோது நான் பார்த்தது வேறு. அவர்கள் தோண்டும்போது கிழங்கைப் பார்ப்பதே இல்லை, கொடியைத்தான் பார்க்கிறார்கள். மாரியில் பச்சைக் கொடி நின்ற இடத்தை மனதில் குறித்துவைத்து, இலை பழுத்து உதிர்ந்த பிறகு வந்து தோண்டுகிறார்கள். கிழங்கு பெருத்திருப்பது அப்போதுதான். காய்ந்த தண்டு ஒரு நூல் மாதிரிக் கிடக்கும். அதை அறுக்காமல், விரலால் மண்ணுக்குள் பின்தொடர்ந்து போவார்கள். தண்டு அறுந்துவிட்டால் அந்தக் குழியை மூடிவிட்டு அடுத்த இடம். "எதுட கிழங்கெண்டு தெரியாம எப்பிடி மனே திங்கிற?" என்று என்னிடம் கேட்டார் ஒரு பெரியவர். கிழங்கை எடுத்த பிறகு தலைப்பகுதியை வெட்டி, தண்டோடு அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினார். அடுத்த மாரிக்கு அது மறுபடி துளிர்க்கும்.

யூடியூப்காரர் இவற்றில் எதையும் காட்டியிருக்க மாட்டார். நீங்கள் தோண்டியதை ஊரில் தெரிந்த ஒருவரிடம் கொடியோடு காட்டுங்கள். கொடி இல்லாவிட்டால் புதைத்துவிடுங்கள்.

சந்தையில் வாங்கிய குறிஞ்சா இலையைச் சுண்டல் செய்தேன். இதுதான் நீரிழிவுக்குச் சொல்லப்படும் சிறுகுறிஞ்சாவா? (செங்கலடி)

பெரும்பாலும் இல்லை. சந்தையில் கட்டாக வருவது பெருங்குறிஞ்சா, சிங்களத்தில் அங்குன. அகலமான இதய வடிவ இலை. கசப்பு இருந்தாலும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுச் சுண்டினால் சோற்றுக்கு நல்ல கூட்டு. சிறுகுறிஞ்சா இலை சிறியது, மென்மயிர் படர்ந்தது.

சந்தேகம் என்றால் ஒரு இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு நாக்கில் சீனி வையுங்கள். சிறுகுறிஞ்சாவானால் சீனி மணல் மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. கொஞ்ச நேரத்தில் நாக்கு பழையபடி வந்துவிடும். இனிப்பை உணரும் இடத்தை இந்த இலையில் உள்ள ஒரு பொருள் அடைப்பதால் வரும் வேலை அது. நாக்கு ஏமாந்ததை வைத்து இரத்தத்திலும் சீனி இறங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது. கிளினிக் குளிசை எடுப்பவர்கள் அதோடு சேர்த்துத் தினமும் இந்தச் சாறையும் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். டொக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், மறைக்க வேண்டாம்.

பாம்புக்கடிக்கு ஈஸ்வரமூலி வேரை அரைத்துக் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். நிறுத்தச் சொல்கிறீர்களா? (அக்கரைப்பற்று)

ஆம்.

உங்கள் குடும்பத்தாரை அவமதிக்கவில்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் அவர்கள் கையில் இருந்ததைக் கொண்டு செய்தார்கள். நஞ்சு ஏறாத கடிகளும் உண்டு, அவை எந்த வேருக்கும் குணமாகும். ஆனால் ஈஸ்வரமூலியில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். இது நன்கு நிறுவப்பட்ட விஷயம். கடிபட்டவரை அசையவிடாமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரவில் தரையில் படுத்திருந்தவர் விடிய எழும்பி "கண் இமை தூக்க முடியவில்லை" என்றால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் தாமதிக்காதீர்கள். கட்டுவிரியன் கடி வலிக்காமலே இருக்கலாம்.

பனிச்சங்கேணியில் ஒரு பனிச்சை மரமாவது இருக்கிறதா? மகளின் பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகக் கேட்கிறேன். (கல்லடி)

எனக்குப் பிடித்த கேள்வி. பனிச்சை நீர்க்கரை மரம். ஆற்றோரம், குளக்கட்டு, வாவிக் கரையில் தேடுங்கள். கரிய பட்டை, அடர்ந்த நிழல். காயைப் பறித்து நசுக்கினால் விரல் ஒட்டும், நாக்கில் வைத்தால் வாய் இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்பில்தான் சங்கதி. நூல் வலை காலத்தில் மீனவர்கள் காயை இடித்து ஊறவைத்து, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்து வெயிலில் காயவைப்பார்கள். நூல் கறுத்து விறைத்து, உப்புத் தண்ணீரில் கெதியாக உக்காமல் நிற்கும். நைலோன் வலை வந்தது, அது உக்குவதில்லை, பனிச்சங்காயைத் தேடுவாரும் இல்லாமல் போனது. மகளிடம் ஒரு பருத்தி நூலைத் துண்டாக்கி, ஒரு துண்டைச் சாற்றில் தோய்த்து, ஒன்றை அப்படியே விட்டு, இரண்டையும் ஈர மண்ணில் புதைத்து ஒரு மாதம் கழித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செயற்றிட்டம் முடிந்தது.

நம் ஊர்ப்பெயர்களை வாசித்தாலே பாதித் தாவரவியல் தெரிந்துவிடும். நாவற்குடா, மருதமுனை, இலுப்படிச்சேனை, மகிழடித்தீவு, தாழங்குடா. கொக்கட்டிச்சோலையில் வேடர் ஒருவர் கொக்கட்டி மரத்தை வெட்ட இரத்தம் பெருகியது என்பதுதான் கோயில் கதையின் தொடக்கமே. ஆரையம்பதிக்குப் பழைய பெயர் ஆரைப்பற்றை. நாலு இலையோடு வயலில் படரும் ஆரைக்கீரையை அங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் காட்டுவார்கள் என்று ஒருநாள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டுகிறது. வழி? (பொத்துவில்)

பால் உள்ள பழம், ஒட்டத்தான் செய்யும். தின்னுமுன் உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பழம் பொறுக்கக் காட்டோரம் போகிறவர்கள் விடியற்காலையில் தனியாகப் போக வேண்டாம். கரடிக்கும் இதே பழம்தான் பிடிக்கும், அதற்கு உதடு ஒட்டுவதைப் பற்றிக் கவலையும் இல்லை.

கல்லோயாக் காட்டில் நெல்லி, கடுக்காய், தான்றி நிறைய இருக்கிறதாம். திரிபலாவுக்குப் பறித்து வரலாமா? (அம்பாறை)

பூங்கா எல்லைக்குள் முடியாது. கல்லோயா 1954 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து செடியோ காயோ எடுப்பது குற்றம். உங்களுக்கு இது ஒரு சின்னத் தடை. காட்டை நம்பி இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. 1983 இல் மதுரு ஓயா தேசியப் பூங்காவாகியபோது உள்ளே வாழ்ந்த வேடர் குடும்பங்கள் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. தாத்தா தேன் எடுத்த மரத்துக்குப் பேரன் போனால் பிடிபடுவான்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள், புழு துளைத்ததைத் தள்ளுங்கள். கடுக்காயில் கொட்டையை நீக்கியே இடிக்க வேண்டும். "சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு" என்பதை மறக்காதீர்கள்.

வாகரை வேடர்களின் தாவரப் பெயர்களைச் சேகரிக்க விரும்பும் பல்கலைக்கழக மாணவி நான். வேடர் மொழியில் கிடைக்குமா? யாரிடம் கேட்பது?

வேடர் மொழியைத் தேடிப் போனால் ஏமாறுவீர்கள், மகள். கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். 1911 இல் செலிக்மன் தம்பதி தங்கள் ஆய்வில் கரையோர வேடரைத் தனியாகக் குறித்தபோதே நிலைமை அதுதான். உள்நாட்டு வேடர் வாழும் தம்பானைப் பக்கம் காட்டுக் கிழங்குகளுக்குக் கோனல, ஹிரிதல, கட்டுவல என்ற பெயர்கள் வழங்கும். அவையும் சிங்களப் பெயர்கள்தான்; கட்டுவல என்றால் முள்ளுக் கிழங்கு, அவ்வளவுதான். வாகரையில் நீங்கள் கேட்கப்போவது தமிழ்ப் பெயர்கள், அகராதியில் இல்லாத தமிழ்ப் பெயர்கள். அது குறைந்த சரக்கு என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "இது என்ன, அது என்ன" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எதற்கும் தலையாட்டுவார்கள். விறகுக்கும் கிழங்குக்கும் போகிற பெண்களோடு நடந்து போங்கள். குமார தெய்வச் சடங்கு நடக்கிற நாளென்றால் முன்கூட்டியே ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேளுங்கள். அங்கே பயன்படும் சில இலைகளின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், வற்புறுத்தக் கூடாது. 2004 ஆழிப்பேரலையும் 2006–07 இடப்பெயர்வும் பல குடும்பங்களைக் காட்டிலிருந்து பிரித்தன. அதனால் முப்பது வயதுக்காரருக்குத் தெரியாததை அறுபது வயதுக்காரர் சொல்லுவார். இருவரையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டால் அவர்களுக்குள்ளேயே பேச்சு தொடங்கிவிடும், நீங்கள் எழுதினால் போதும். எழுதியதன் ஒரு பிரதியை ஊருக்குக் கொடுங்கள்.

காலணி மூடியதாக இருக்கட்டும். மூன்று மணிக்குள் றோட்டுக்கு வந்துவிடுங்கள், பிறகு யானை இறங்கும்.