கறிவேப்பிலை அடியில் முளைத்த தினை

அன்புள்ள சார்,

மகள் நாலு லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறாள். கூண்டைக் கூட்டித் தள்ளும் உமியும் குப்பையும் கொல்லையில் கறிவேப்பிலை அடியில்தான் போகும். ஐப்பசி மழைக்கு அங்கே திட்டாக ஏதோ முளைத்து, இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. ஒன்றிரண்டு கதிர் விடுகிற மாதிரி தெரிகிறது. மாமியார் பாம்பு வரும், பிடுங்கிப் போடு என்கிறார். மகளோ முயலுக்கு அறுத்துப் போடலாம் என்கிறாள். இது என்ன செடி? விட்டுவைக்கலாமா? நாம் சமைக்க முடியுமா? இன்னொன்று, மாடியில் புறாவுக்குத் தினமும் அரிசி போடுகிறோம், பாதி தொட்டியில் சிதறுகிறது, அதில் ஒன்றுகூட முளைத்ததில்லையே, ஏன்?

ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதிலேயே இருக்கிறது. அரிசி முளைக்காது, நெல்தான் முளைக்கும். ஆலையில் உமி நீக்கித் தீட்டும்போது நுனியில் இருக்கும் முளை தவிட்டோடு போய்விடுகிறது (ஒரு அரிசியை எடுத்துப் பாருங்கள், ஒரு முனையில் கடித்து எடுத்த மாதிரி சின்னப் பள்ளம் இருக்கும், முளை இருந்த இடம் அதுதான்). புழுங்கலரிசி என்றால் நெல்லாக இருக்கும்போதே வெந்துவிட்டது, கேட்கவே வேண்டாம். ஆனால் லவ் பேர்ட்ஸுக்கு நீங்கள் வாங்குவது உமி நீக்காத முழுத் தினை. தினை உப்புமாவுக்கு மளிகைக் கடையில் வாங்குவது உமி போன தினையரிசி, அதைக் கொல்லையில் கொட்டினால் எறும்புதான் வரும். பறவைக்குப் போகிற தானியம் விதையாகவே போகிறது, நமக்கு வருவது விதையாக இல்லாமல் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அது எப்படி மரத்தடிக்குப் போனது? தீனிக் கிண்ணத்தைக் கவனியுங்கள். இந்தப் பறவை தினையை அலகில் உருட்டி, உமியை அங்கேயே உதிர்த்துவிட்டு உள்ளிருப்பதை மட்டும் விழுங்கும். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் மேலே உமி ஒரு அடுக்காகப் படிந்துவிடும், பார்த்தால் தீனி நிறைய இருக்கிற மாதிரியே இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் ‘நிறைய இருக்கிறதே’ என்று விட்டுவிட, பறவை பட்டினி கிடக்கும். அதனால் தினமும் மேலாக ஊதிவிட வேண்டும். ஊதும்போது உமியோடு நாலு நல்ல தினையும் பறக்கும், பறவை காலால் கிளறி இன்னும் நாலைக் கொட்டும். மழையில் முளைத்திருப்பது அதுதான்.

என்ன செடி என்று நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்தே சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பெரும்பாலும் தினை. கதிர் முழுசாக வெளியே வந்து மணி பிடிக்க ஆரம்பித்ததும் நரிவால் மாதிரி வளைந்து தொங்கும், மேலே மெல்லிய மயிர் இருக்கும். கலவைத் தீனியாக வாங்கினால் வேறு ஆட்களும் இருப்பார்கள். கம்பு விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். பனிவரகின் கதிர் கிளை கிளையாகப் பிரிந்து ஒரு பக்கமாகச் சாயும். சூரியகாந்தியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதிர் வராத செடி என்றால் இரண்டு வழி. இளசாக இருக்கும் ஒன்றை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்து வேரை அலசுங்கள், முளைத்த விதையின் உமி பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தீனிப் பையோடு ஒப்பிட்டால் முடிந்தது. இல்லையென்றால் இலை தண்டைவிட்டுப் பிரிகிற இடத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். தினையில் அங்கே குட்டையாக வரிசையாய் மயிர் இருக்கும். ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது குதிரைவாலி அல்லது அதன் இனத்துப் புல். வயலில் நெற்பயிருக்கும் அந்தக் களைப்புல்லுக்கும் வித்தியாசம் பார்ப்பதும் இந்த இடத்தில்தான், நெல்லில் அங்கே நீளமாகச் சவ்வு இருக்கும்.

முயல் விஷயத்தில் மகளிடம் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். தினை, கம்பு இலை கொடுக்கலாம், கதிர் முற்றுவதற்குள் கொடுங்கள், முற்றினால் அந்த மயிர் வாயில் குத்தும். ஆனால் கலவைத் தீனியில் சோளமும் கலந்திருக்கலாம். இளஞ்சோளப் பயிரில், அதுவும் தண்ணீர் இல்லாமல் வாடியது, அறுத்த பிறகு மறுபடி துளிர்த்தது இரண்டிலும், சயனைடு உண்டாக்கும் பொருள் அதிகம். இளஞ்சோளத்தில் வாய் வைத்த மாடே செத்துவிழலாம். மாட்டுக்கே அப்படி என்றால் முயலுக்கு எவ்வளவு போதும்? சோளமா என்று சந்தேகம் வந்தாலே போட வேண்டாம்.

சமைக்கலாமா? தாராளமாக. தினை விதைத்ததிலிருந்து 80, 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஆனால் ஒரு திட்டுப் பயிரில் வருவது கைப்பிடி அளவு, அதை உரலில் குத்திப் புடைத்து உமி நீக்குவதற்குள் உங்களுக்கே வெறுத்துவிடும். என்னைக் கேட்டால் பால் பிடித்த பச்சைக் கதிராகவே அறுத்துக் கூண்டுக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். முற்றிய கதிரைக் காயவைத்து வளர்ப்புப் பறவைக் கடைகளில் தனியாக விலைக்கு விற்கிறார்கள், உங்களுக்கு அது சும்மா கிடைக்கிறது. அப்புறம் இன்னொரு லாபமும் இருக்கிறது. முளைத்தது என்றால் தீனி பழசாகிச் செத்துப்போன சரக்கு இல்லை. அடுத்த முறை வாங்கியதும் ஒரு சிட்டிகையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் முளைக்கவில்லை என்றால் கடையை மாற்றுங்கள்.

தானியத்தோடு களை வருவது மட்டும் நிஜமான தொல்லை. நம் ஊர்ப் பார்த்தீனியமே 1950களில் அமெரிக்கக் கோதுமையோடு புனேவுக்கு வந்தது என்றுதான் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் அதன் உறவுக்கார அம்புரோசியா பறவைத் தீனி வழியாகத் தோட்டங்களுக்குள் புகுந்து, அதன் மகரந்தத்தால் ஜனங்கள் தும்மித் தீர்க்க, ஒரு கிலோ தீவனத்தில் அந்த விதை 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் விளைகிற பேயெள்ளு என்ற எண்ணெய்வித்து அமெரிக்காவுக்குப் பறவைத் தீனியாகப் போகிறது, அதைச் சூடுபடுத்திய பிறகுதான் அங்கே விற்க விடுகிறார்கள், கூடவே வரும் அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் கொடியின் விதை முளைத்துவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் கொல்லையில் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. கேரட் இலை மாதிரி கிழிந்த இலையோடு ஏதாவது எழுந்தால் பூக்கும் முன் பிடுங்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

மாமியார் சொல்வதை ஒதுக்கவும் வேண்டாம். பாம்பு தினைக்காக வராது, சிந்திய தினைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். பயிர் நிற்கட்டும், தரையில் தீனி சேரக் கூடாது. கூண்டுக்கு அடியில் விளிம்புள்ள தட்டு ஒன்று வையுங்கள், விழுந்ததை அன்றன்றைக்கு எடுத்துவிடுங்கள், நனைந்து பூசணம் பிடித்ததைத் திரும்பக் கிண்ணத்தில் போடாதீர்கள்.

சோளம் எதுவும் கலந்திருக்கிறதா என்று சொல்ல எனக்கு ஒரு படம் வேண்டும். இலை பிரிகிற இடத்தைக் கிட்டே வைத்து எடுங்கள், தூரத்தில் நின்று எடுத்தால் எல்லாமே புல்தான்.