கம்போடியா கிராமப் பள்ளியில் விளையாட்டு நாள்: எப்படித் தயாராவது, பயன் உண்டா?

கல்லூரித் தன்னார்வலர் குழுவோடு கம்போடியாவுக்குப் போகிறோம், ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் விளையாட்டு நாள் நடத்தும் பொறுப்பு எங்களுக்கு வந்திருக்கிறது, எப்படித் தயாராவது, இதனால் அவர்களுக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி முதலாண்டு படித்தபோது, டிசம்பர் விடுமுறையில் 20 பேர் கம்போடியாவின் சியாம் ரீப் நகரத்துப் பக்கம் போனோம். மூன்று மாதம் திட்டமிட்டோம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு இல்லங்கள், அதாவது அணிகள், ஒவ்வொன்றுக்கும் டி-சட்டை, நிமிடக் கணக்கில் அட்டவணை, அபாய மதிப்பீட்டுப் படிவம். அந்தப் படிவத்தில் "பிள்ளைகள் அனைவரும் காலணி அணிந்திருக்க வேண்டும்" என்று நானே எழுதினேன். ஓட்டம் என்றதும் அங்கே பிள்ளைகள் முதலில் செய்த காரியம், செருப்பைக் கழற்றி ஓரமாக அடுக்கி வைத்ததுதான்! செருப்போடு ஓடினால் வழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் முந்தின நாள் மாலையே மைதானத்தை நடந்து பார்த்து, கண்ணாடித் துண்டு, முள், பாட்டில் மூடி எல்லாம் பொறுக்கிவிடுங்கள். நாங்கள் இதைக் காலையில் அவசர அவசரமாகச் செய்தோம்.

எங்கள் பெரிய தவறு வேறு. கம்போடியாவில் பல தொடக்கப் பள்ளிகள் இரண்டு வேளையாக நடக்கும். பாதிப் பிள்ளைகள் காலையில், மீதிப் பேர் மதியத்தில். இது எங்களுக்குத் தெரியாது. கையில் இருந்த பட்டியலில் காலை வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான். எட்டு மணிக்குப் பார்த்தால் மதிய வகுப்புக் கூட்டமும் வேலியோரம் நிற்கிறது, இடுப்பில் தம்பி தங்கைகளோடு. நாங்கள் ஒரு மூலையில் கூடி "இப்போது என்ன செய்வது" என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். இரண்டே நிமிடத்தில் எல்லாரும் அவரவர் அண்ணன், அக்கா நின்ற வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அதன்பின் எங்கள் அட்டவணையை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அதனால் தேதி குறிக்கும் முன்பே பள்ளி எந்த வேளையில் நடக்கிறது, அறுவடைக் காலமா என்று கேளுங்கள். அந்த ஆசிரியர்கள் எந்த விளையாட்டை நடத்துவார்கள் என்றும் கேளுங்கள். நாங்கள் கயிறு இழுக்கும் போட்டிக்கு இங்கிருந்து நைலான் கயிறு கொண்டு போனோம். மெல்லிசு, கையை அறுக்கும். ஓர் ஆசிரியர் அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த புத்த விகாரையிலிருந்து தடித்த பழைய கயிறு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கயிறு இழுப்பது அங்கே கெமெர், அதாவது கம்போடியப் புத்தாண்டு விளையாட்டு. ஏப்ரல் நடுவில், ஏறக்குறைய நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வரும் புத்தாண்டு அது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் இழுப்பார்களாம். 2015இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. நாங்கள் இல்ல வாரியாக நிறுத்தி வைத்திருந்ததைக் கலைத்துவிட்டு, சிறுமிகள் ஒரு பக்கம், சிறுவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டார்கள். மூன்று முறையும் சிறுமிகள்தான் ஜெயித்தார்கள். அன்று ஊரே எழுந்து கத்தியது அதற்குத்தான்.

எலுமிச்சைக் கரண்டி ஓட்டத்துக்கு நாங்கள் கொண்டு போன பிங்பாங் பந்துகளைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. சாக்கு ஓட்டத்துக்குக் கிராமத்து அரிசிச் சாக்குகளே போதுமாக இருந்தன. கோடு போட எங்களிடம் ஒன்றுமே இல்லை. உமிச் சாம்பலைக் கொண்டுவந்து நேர்கோடாகத் தூவினார்கள்.

மொழியைப் பற்றி. அவர்கள் பேசுவது கெமெர் மொழி. ஒன்று முதல் ஐந்து வரை மோய், பீ, பெய், புவன், ப்ரம். ஐந்து வரை கற்றுக்கொண்டால் போதும். ஆறுக்குத் தனிச் சொல் இல்லை, ஐந்து-ஒன்று என்று 'ப்ரம்-மோய்' ஆகிவிடும். நாங்கள் ஆங்கிலத்தில் ஓட்டத்தைத் தொடங்கிவைத்தபோது பாதிப் பேர் இரண்டாவது சொல்லுக்கே பாய்ந்துவிட்டார்கள். 'மோய், பீ, பெய்' என்றதும் சரியாகிவிட்டது. ஆசிரியரை 'லோக் க்ரூ', ஆசிரியை என்றால் 'நெயக் க்ரூ' என்று அழைக்க வேண்டும். அந்த 'க்ரூ' நம் குருதான். பள்ளிக்கூடம் 'சாலா', அதாவது பாடசாலையின் சாலை. கெமெர் எழுத்தே பல்லவர் எழுத்திலிருந்து வந்தது என்பார்கள். கரும்பலகையைப் பார்த்தபோது ஏதோ படித்துவிடலாம் போலத் தோன்றியது. ஓர் எழுத்துகூடப் புரியவில்லை, அது வேறு விஷயம்.

நோட்டு, பென்சில், பந்து எல்லாம் இங்கிருந்து சுமக்காதீர்கள். சியாம் ரீப்பின் ப்சார் லூ சந்தையில் கிடைக்கும். அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம். பதக்கம் முதல் மூன்று பேருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள், நாலாவதாக வந்த பையனின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பயண ஏற்பாட்டாளர் "அப்படியே ஓர் அனாதை இல்லத்தையும் பார்த்துவிடலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடுதான் இருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை நம்பி நடக்கும் இல்லங்களும் உண்டு.

சரி, பயன் உண்டா? எங்கள் விமானச் சீட்டுப் பணத்தை அப்படியே பள்ளிக்கு அனுப்பியிருக்கலாமே என்று ஓர் இரவு தோழி ஒருத்தி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. கூட வந்த ஆசிரியர் கொசுவத்தி கொளுத்த எழுந்து போய்விட்டார். என் கணக்கில் லாபம் பெரும்பாலும் எங்களுக்குத்தான். பிள்ளைகளுக்கு ஒரு நல்ல நாள் கிடைத்தது, பள்ளிக்குக் கொஞ்சம் பந்துகள் மிஞ்சின. உலகத்தை மாற்றினோம் என்றெல்லாம் திரும்பி வந்து எழுதாமல் இருந்தால் அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

டி-சட்டைகள் பெரிய அளவில் வந்துவிட்டன, பிள்ளைகளுக்கு முட்டி வரை தொங்கின. மறுநாள் காலை வண்டியில் கிளம்பும்போது, சாலையோரம் தார்ப்பாயில் நெல் காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி சிவப்பு இல்லச் சட்டையைப் போட்டிருந்தார். அவருக்கு அளவு சரியாக இருந்தது.