குளோஸ்டர் கவுண்டி ரீட் குடும்பம்: 1750-க்கு முன் எங்கே தேடலாம்?

வணக்கம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் குளோஸ்டர் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) உங்கள் கணவர் வழி ரீட் குடும்பத்துக்கு 1750-க்கு முன் ஒரு உயில்கூட அகப்படவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடிய விதத்தில் குறை இல்லை. அந்தக் கவுண்டியின் ஆவணங்கள் 1820-இல் தீக்கிரையாயின. பிறகு சேர்ந்தவற்றை உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பினார்கள். 1865 ஏப்ரலில் அவையும் அங்கே எரிந்துபோயின.

அதனால் கவுண்டிக்கு வெளியே தப்பிய ஆவணங்களிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் 1704 நிலவரிப் பட்டியலைப் பாருங்கள். குளோஸ்டர்காரர்களின் பெயரும் ஏக்கரும் திருச்சபை வட்டம் வாரியாக அதில் இருக்கும். வட்டம் அபிங்டன் என்றால் அதிர்ஷ்டம்தான், அதன் ஞானஸ்நானப் பதிவேடு தப்பியிருக்கிறது.

அப்புறம் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள யார்க் கவுண்டி. குளோஸ்டர் 1651-இல் அதிலிருந்துதான் பிரிந்தது. அங்கே 1633 முதலான பதிவுகள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. கடன் வழக்கு, சாட்சிக் கையெழுத்து எதையும் விடாதீர்கள். நிலம் விற்ற பத்திரம் கிடைத்தால், மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் வரியைக் கட்டாயம் படியுங்கள். பல பெண்களின் பெயர் அங்கே மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

தேதியிலும் கவனம் தேவை. 1752-க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. பிப்ரவரி 1731 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1732.