அடுப்பு நான்கு, விருந்தினர் அறுபது

கேள்வி: அக்கா, எங்கள் பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளை வீட்டிலேயே கொண்டாடப் போகிறோம். பெரியவர்கள் 50 பேர், குழந்தைகள் 10 பேர். மதியம் 12 மணியிலிருந்து 4 மணி வரை வருகிறவர்கள் வந்து, தாங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிடும்படி பஃபே வைக்க ஆசை. வெளியே சமையலுக்குக் கொடுக்காமல் நானும் தங்கையும் செய்துவிடலாம் என்று பதினான்கு அயிட்டம் எழுதி வைத்திருக்கிறேன். அடுப்பில் நான்கு பர்னர். முடியுமா?

பதில்: முடியும். பதினான்கு முடியாது.

பட்டியலை மடித்து வைத்துவிட்டு முதலில் சமையலறையில் போய் நில்லுங்கள். உங்களிடம் இருக்கும் ஆகப் பெரிய பாத்திரம் பர்னரில் ஆடாமல் உட்காருமா? அதை வைத்த பிறகு பக்கத்து பர்னரில் இன்னொன்றுக்கு இடம் இருக்குமா? ஃபிரிட்ஜில் எத்தனை தட்டைக் காலி செய்ய முடியும்? இதெல்லாம் தெரிந்த பிறகுதான் மெனு. வீட்டு அடுப்பின் சின்னத் தீயில் அகலமான அண்டாவை ஏற்றினால் நடுவில் அடிப்பிடிக்கும், ஓரத்தில் வேகாமல் நிற்கும். அதையே இரண்டு நடுத்தரப் பாத்திரங்களில் பிரித்துச் செய்தால் சீக்கிரமும் ஆகும், பதமும் ஒரே மாதிரி வரும்.

அப்புறம், காத்திருக்கத் தெரிந்த பண்டங்களாகப் பாருங்கள். குழம்பு வகைகள் காத்திருக்கும். சில நேரம் மறுநாள்தான் இன்னும் ருசி. பொரித்தவை காத்திருக்கா. மூடி வைத்தால் தன் ஆவியிலேயே நமுத்துப் போகும், திறந்து வைத்தால் ஆறிப் போகும். போதாததற்கு அதைப் பொரித்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வாணலியோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். அந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஆகவே பட்டியலில் பொரித்தது எத்தனை இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் ஏழு போதும். ஒரு சாதம், ஒரு ரொட்டி, இரண்டு குழம்பு, ஆறினாலும் நன்றாக இருக்கிற வதக்கிய காய், ஒரு சாலட், ஓர் இனிப்பு. இவற்றில் சூடாக வைக்க வேண்டியது மூன்றுதான். ரொட்டியையும் இனிப்பையும் கடையில் வாங்குங்கள். வீட்டு விருந்து என்பதால் எல்லாமே வீட்டு அடுப்பில்தான் வேக வேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. சாலடுக்கு உப்பும் டிரெஸிங்கும் பரிமாறும் நேரத்தில் மட்டும். முன்பே கலந்தால் வெள்ளரியும் தக்காளியும் தண்ணீர் விட்டு, கரண்டி அதில் மிதக்கும்.

அளவு: குழந்தைகளை அரை ஆளாக எடுத்தால் 55 ஆள். கூடவே ரொட்டியும் இருப்பதால் தலைக்கு 75 கிராம் அரிசி தாராளம். நாலேகால் கிலோ போடுங்கள். வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம் வரும். 12 கிலோ சாதத்துக்குப் பாத்திரம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், அன்றைக்குக் காலையில் பார்க்காதீர்கள். குழம்பு ஒன்றே என்றால் தலைக்கு 150 மில்லி. இரண்டு இருந்தால் ஒவ்வொன்றிலும் 100 மில்லி, அதாவது ஐந்தரை லிட்டர் வீதம். இரண்டையும் முழுக்கணக்கில் செய்துவிட்டு, மிச்சத்தை வாரம் முழுக்கச் சாப்பிடும் வீடுகள் நிறைய.

இனி முக்கியமான சங்கதி. 12 முதல் 4 வரை என்கிறீர்கள். சமைத்த உணவு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரையான இடைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. எனவே எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். 12 மணிக்கு ஒரு ஈடு, 2 மணிக்கு ஒரு ஈடு. அடுத்த ஈட்டுக் குழம்பு அடுப்பிலேயே கொதிசூட்டில் இருக்கட்டும், அடுத்த சாதத்தை ஒன்றேகாலுக்கு ஏற்றுங்கள், சாலட் காய்கள் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். மேசையில் சிறிய தட்டுகளே வையுங்கள். தீர்ந்தால் தட்டையே மாற்ற வேண்டும். பழையதன் மேல் புதியதைக் கொட்டுவது வேண்டாம். மூன்று மணிக்கு வருகிற சித்தப்பாவுக்கும் சுரண்டிய பாத்திரத்துக்குப் பதில் நிறைந்த தட்டு கிடைக்கும்.

சேஃபிங் டிஷ் என்கிற, அடியில் சின்னத் தீ வைக்கும் பஃபே பாத்திரத்தை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் ஒன்று. ஆறிய குழம்பை ஊற்றிவிட்டுக் கீழே தீயை மூட்டினால் அது சூடாகிவிடும் என்று நம்பாதீர்கள். அதன் வேலை இருக்கிற சூட்டைக் காப்பது மட்டும்தான். அடித்தட்டில் வெந்நீர், மேல்தட்டில் ஆவி பறக்கிற பண்டம், மூடி எப்போதும் மேலே. திரைச்சீலைக்கும் குழந்தைகளின் கைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

உங்கள் இருவரில் ஒருவர்கூட 12 மணிக்குப் பிறகு அடுப்படியில் இருக்கக் கூடாது. தட்டு மாற்றும் பொறுப்பையும் ஒன்றேகாலுக்குச் சாதம் ஏற்றும் பொறுப்பையும் ஒரு தம்பியிடமோ மைத்துனரிடமோ முன்கூட்டியே சொல்லி ஒப்படையுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: போன முறை எங்கள் வீட்டு பஃபேயில் வரிசை நகரவே இல்லை. மேசையை எப்படிப் போடுவது?

பதில்: மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பீர்கள். அரையடி ஒதுக்கினால் போதாது, சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு இழுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும் தட்டு அடுக்கி, ஒவ்வொரு பண்டத்துக்கும் இரண்டு கரண்டி போட்டால் வரிசை இரண்டாகிவிடும். ஸ்பூனும் துடைக்கும் தாளும் கடைசியில் இருக்கட்டும். ஆரம்பத்திலேயே வைத்தால் ஒரு கையில் தட்டு, மறு கையில் ஸ்பூன், கரண்டி பிடிக்கக் கை இல்லாமல் அங்கேயே நிற்பார்கள். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். தண்ணீரும் ஜூஸும் வேறு மூலையில்.

நீளக் காம்புக் கரண்டியை ஆழமில்லாத தட்டில் போடாதீர்கள். காம்பின் கனத்தில் கவிழ்ந்து மேசை விரிப்பெல்லாம் குழம்பாகும். குட்டைக் கரண்டி போட்டு, பக்கத்தில் அதை வைக்க ஒரு சாசர். முதலில் கண்ணில் படுவதைத்தான் எல்லோரும் அள்ளுவார்கள் என்பதால் சாதமும் சாலடும் தலைப்பில், அளவாகச் செய்தது வாலில். சைவமும் அசைவமும் உண்டென்றால் தனித்தனி மேசை. கொட்டை வகைகளோ பாலோ சேர்ந்திருந்தால் சீட்டில் எழுதி முன்னால் வையுங்கள். வயதானவர்களை வரிசையில் நிறுத்தாமல், உட்கார்ந்த இடத்திலேயே தட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பஃபே என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: மதிய விருந்தில் மிஞ்சிய சாதம் சாயங்காலம் வரை அண்டாவிலேயே இருந்தது. நன்றாகச் சூடு செய்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார் மாமியார். சரிதானா?

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: ஆகும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடு செய்தாலும் அந்த நச்சு அழியாது. பெரிய அண்டாவில் மேல்சாதம் ஆறியிருக்கும். நடுவில் விரலை விட்டால் வெதுவெதுப்பு இருக்கும், வம்பு அங்கேதான். மிஞ்சும் என்று தெரிந்தவுடனேயே அகலத் தட்டுகளில் இரண்டங்குல உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். குழம்புக்கும் இதே வழிதான். சாயங்காலம் வரை அண்டாவிலேயே கிடந்த சாதத்தை, மனசு கேட்காவிட்டாலும், கொட்டிவிடுங்கள்.

கேள்வி: "நான் என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்ல?

பதில்: "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், ஆளுக்கொரு இனிப்பு வந்து சேரும். ஐஸ் கொண்டுவரச் சொல்லுங்கள். பானத்துக்கும், பாட்டிலைக் குளிர வைக்கவும், சாலட் தட்டின் அடியில் பரப்பவும் தலைக்கு அரைக் கிலோ தேவைப்படும், எந்த வீட்டு ஃபிரீஸரும் அதைக் கொள்ளாது. இன்னொருவர் கேட்டால் மடக்கு நாற்காலி.